குக்கீயா, போஸ்ட்பேக்கா?

ஏற்காட்டுக் காப்பித்தூளை அஃபிலியேட் இணைப்புகள் (பிறர் தம் தளத்தில் இட்டு, விற்பனைக்குக் கமிஷன் பெறும் இணைப்புகள்) வழியே விற்கும் சேலத்து வணிகருக்கு, தம் கணக்கில் ஓர் எண்ணும் அந்த இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்கின் டாஷ்போர்டில் வேறோர் எண்ணும் வரும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது: எந்த இணைப்பால் விற்பனை வந்தது என்பதைப் பதிய, பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தகவலான குக்கீயா, சர்வரிலிருந்து சர்வருக்கே செய்தி அனுப்பும் போஸ்ட்பேக்கா?

துல்லியம்: குக்கீ முறையில் பிரவுசரே சாட்சி, ஐபோனின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (பார்க்கும் தளம் அல்லாத பிற தளங்கள் இடுபவை) முழுவதுமாகத் தடுப்பதாலும், விளம்பரத் தடுப்பான்கள் பிக்சலை (விற்பனையைத் தெரிவிக்கப் பக்கத்தில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு படம்) மறிப்பதாலும், நடந்த விற்பனைகூடப் பதிவாகாமல் போகலாம். போஸ்ட்பேக்கில், கிளிக்கின்போது உருவாகும் அடையாள எண்ணை ஆர்டருடன் சேமித்துவைத்து, பணம் வந்ததும் நம் சர்வரே நெட்வொர்க்கின் சர்வருக்குத் தெரிவித்துவிடுகிறது. ஆனால் இடையிலுள்ள ரீடைரக்டில் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டத்தில்) அந்த எண் உதிர்ந்துவிட்டால் இதுவும் பயன்படாது.

செலவு: குக்கீக்குச் சில வரி கோட் போதும், போஸ்ட்பேக்குக்கு டெவலப்பர் வேண்டும்.

இரண்டுமே தீர்க்காத சிக்கலும் உண்டு. நெட்வொர்க் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் கணக்கிட்டால், நமக்கு நள்ளிரவு முதல் காலை 5.30 வரை விழும் கிளிக்குகள் அங்கே முந்தைய நாளில் சேரும். முறையைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது.

சில்லறையாகச் சில பொட்டலங்கள் விற்பவருக்குக் குக்கீயே போதும். ஐபோன் வாடிக்கையாளர்கள் மிகுந்து, கமிஷன் தகராறு மாதந்தோறும் வருமானால், தயங்காமல் போஸ்ட்பேக்குக்கு மாறலாம் என்பேன்.