மதுரை – போடி ரயில்: ஒரு நெடுநாள் பயணியின் அனுபவம்

1987-இல் கல்லூரிப் படிப்புக்காக மதுரைக்குப் போனதிலிருந்து, மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை வண்டியிலும், அது நின்றுபோன பின் பேருந்திலும், இப்போது அகலப் பாதை ரயிலிலுமாக மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே சென்று வருகிறேன்.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கிளைப் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. மலையில் விளையும் ஏலமும் காப்பியும் சமவெளிக்கு இறங்கும் இடம் போடி. மூணாற்றுத் தேயிலைகூட மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற ஊரிலிருந்து கம்பிவடத்தில் அடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளம் 1950-களில் மீண்டும் போடப்பட்டது என்பதை எங்கள் தெருப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள்.

மீட்டர் கேஜ் வண்டி மெதுவானது, ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் இன்னும் மெதுவானது. ஆனாலும் வாழைத்தார், கீரைக்கட்டு, கோழிக்கூடை எதுவானாலும் மறுப்பின்றி ஏற்றிக்கொண்டு குறைந்த கட்டணத்தில் போகலாம் என்பதால், உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகும் பெண்கள் அதை விட்டு வேறு எதிலும் ஏறமாட்டார்கள்.

அகலப் பாதைப் பணிக்காக 2010-இன் கடைசி நாளோடு போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் வண்டி வந்துவிடும் என்று நம்பினோம். நிதி சிறுகச் சிறுக வந்தது. கணவாயில் பாறையை உடைத்து வழியை அகலப்படுத்த வேண்டியிருந்தது. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். அந்த இடைவெளியில்தான் என் தாயாரைச் சிகிச்சைக்காக மாதம் இருமுறை மதுரைக்கு அழைத்துச் சென்றேன்; இடுப்பு வலியோடு பேருந்து இருக்கையில் அவர் நெளிந்து உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், ரயிலில் கால் நீட்டிப் படுத்திருக்கலாமே என்று மனம் இன்றும் கனக்கிறது.

புதிய ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. குலுங்கல் இல்லை, கழிப்பறை உண்டு, கட்டணமும் பேருந்தைவிடக் குறைவு. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு நேரடியாகச் செல்லும் வண்டி எங்கள் பகுதிக்குக் கிடைத்த பெரும் நன்மை.

குறை, நேர அட்டவணையில் இருக்கிறது. தினசரி வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நீதிமன்றத்துக்கும் காலையில் மதுரை போய் மாலையில் வீடு திரும்ப வேண்டிய எங்களுக்கு இது நேர் எதிர்த் திசை. விடியற்காலையில் போடியிலிருந்து ஒரு வண்டி புறப்படுமானால், மறுநாளே மாதச் சீட்டு எடுப்பேன். அதுவரை போகும்போது பேருந்து. வேலை முடிந்த மறுநாள் காலை, உறவினர் வீட்டிலிருந்து கிளம்பி, ரயிலில் ஊர் திரும்புகிறேன்.