கத்தி அடிக்க முதல் சுத்தியல்: எதை எடுப்பது, எதை விடுவது

கத்தி அடிக்கப் பழகுகிறவர்கள் சுத்தியல் வாங்கும்போது பின்முனையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். உருண்டையா, குறுக்கா, நெடுக்கா என்று அங்கேயே குழப்பம். ஆனால் அலகில் விழும் அடிகளில் பெரும்பாலானவை தட்டை முகத்தால் விழுபவை. முதலில் எடை, அடுத்து முகம், அதன் பிறகுதான் பின்முனை.

எடையில் 900 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை போதும். 'கனமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்' என்று 1.5 கிலோ, 2 கிலோ எடுப்பவர்கள் உண்டு. இரும்பை இரண்டு மூன்று முறை சூடாக்கி அடிப்பதற்குள் மணிக்கட்டு தளரும், முகம் சாய்ந்து விழும், அலகில் பிறைப் பள்ளங்கள் வரும். அடியின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடும்; வேகத்துக்கோ இருமடி விகிதத்தில் கூடும். கைக்கு அடங்கிய சுத்தியலை விசையாக வீசுவதுதான் லாபம். அதற்காக 500 கிராமுக்கு இறங்கவும் கூடாது. லேசான அடி மேல்தோலை மட்டும் நகர்த்தும், நடு இரும்பு அப்படியே நிற்கும். நுனி மீன்வாய் போலப் பிளக்கும். அதைக் கவனிக்காமல் மேலே மேலே அடித்தால் மடிப்பு உள்ளே மாட்டி, பதம் கொடுக்கும்போது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும்போது, விரிசலாக வெளியே வரும்.

இனி வகைகள். பீன் என்பது பின்முனைதான். கிராஸ் பீன், ஸ்ட்ரெய்ட் பீன் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே: முன்னதன் பின்முனை விளிம்பு காம்புக்குக் குறுக்கே ஓடும், பின்னதில் காம்போடு சேர்ந்து நெடுக்கே ஓடும். இரும்பு எப்போதும் அந்த விளிம்புக்குச் செங்குத்தாகத்தான் நகரும். களிமண்ணை விரல் கனத்துக்குப் பட்டையாக உருட்டி, சுத்தியலின் பின்முனையால் நாலு இடத்தில் அழுத்திப் பாருங்கள். குறுக்கே அழுத்தினால் பட்டை நீளும், நெடுக்கே அழுத்தினால் அகலும். உலையில் இரும்பு வைக்கும் முன்பே இது கையில் பதிந்துவிடும்.

இரும்புப் பட்டையும் சுத்தியல் காம்பும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும்படிதான் வழக்கமாக நிற்போம். அந்த நிலையில் கிராஸ் பீன் நீட்டும், ஸ்ட்ரெய்ட் பீன் அகலப்படுத்தும். கத்திக்கு அகலம்தான் அதிகம் தேவை என்பதால் ஸ்ட்ரெய்ட் பீன் பொருத்தமாகத் தெரியும், தெரிவதும் நியாயம்தான். கூர்ப்பக்கத்தைத் தட்டை முகத்தால் மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் நீண்டு, அலகு முதுகுப் பக்கமாக வாழைப்பழம் போல வளையும். ஸ்ட்ரெய்ட் பீன் இரும்பை அகலவாக்கில் தள்ளுவதால் இந்த வளைவு குறையும். சிக்கல் வேறு இடத்தில்: பீன் விடும் பள்ளம். பள்ளத்தின் அடியில் மிஞ்சும் கனம்தான் கடைசியில் கத்தியின் கனம். கை பழகாதவர் கூர்ப்பக்கம் 2 மி.மீ.க்கு வந்த பிறகு பீனை எடுத்தால், தேய்த்துச் சரிசெய்ய அங்கே இரும்பே இருக்காது. வளைவைச் சமாளிக்க எளிய வழி இருக்கிறது: மெலிதாக்கும் முன்பே அலகைக் கூர்ப்பக்கமாகச் சற்று வளைத்து வைத்துவிட்டால், அடிக்க அடிக்கத் தானாக நிமிரும்.

பின்முனை உருண்டையான பால் பீன் மலிவு, எங்கும் கிடைக்கும். 900 கிராம் கிடைத்தால் தயங்காமல் தொடங்கலாம். உருண்டை முனையால் அலகில் பெரிய பயன் இல்லை. ரிவிட் தட்டும்போது உதவும்.

ரவுண்டிங் சுத்தியல் லாடம் அடிப்பவர்களின் கருவி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கவிந்த முகம். கவிந்த பக்கம் இரும்பை எல்லாத் திசையிலும் வேகமாக நகர்த்தும், பள்ளமும் ஆழமற்றது. ஆனால் திசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. நல்ல சுத்தியல், விலைதான் கூடுதல்.

தலை முழுக்கக் காம்புக்கு முன்னால் நீண்டிருக்கும் டாக்ஹெட் வகை, சமன்படுத்தவும் கூர்ச்சரிவு அடிக்கவும் அருமை. ஆனால் முகத்தின் சாய்வு நிற்கும் நிலைக்கும் பட்டடையின் உயரத்துக்கும் பொருந்த வேண்டும். அதை முடிவு செய்யக் கொஞ்ச காலம் அடித்திருக்க வேண்டும், இரண்டாவது சுத்தியலாக வரட்டும். ஆணி பிடுங்கும் கவைச் சுத்தியல் இந்த வேலைக்கே ஆகாது.

எங்கள் தேர்வு 1 கிலோ கிராஸ் பீன். நீட்டும் வேலை, நுனி இறக்கும் வேலை இரண்டும் ஆகும். பட்டைக்குக் குறுக்கே காம்பு வரும்படி நின்றால் அகலப்படுத்தவும் செய்யலாம்.

எதை வாங்கினாலும் வாங்கிய அன்றே உலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கடைச் சுத்தியலின் முக விளிம்பு கூராக இருக்கும். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போட்டு விளிம்பைச் சுற்றிலும் உருட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மிக லேசான கவிவு கொடுங்கள். பீனின் விளிம்பையும் அப்படியே மழுக்க வேண்டும். முகம் கை பொறுக்காத சூடாகும் முன் நிறுத்தித் தண்ணீரில் தோயுங்கள். நீலம் ஏறினால் அங்கே பதம் போயிற்று. பிறகு மென்மரப் பலகையில் வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பிறைத் தழும்பு விழுந்தால் இன்னும் உருட்ட வேண்டும், மங்கலான குழி விழுந்தால் போதும்.

காம்பு மரமாக இருக்கட்டும், 30 முதல் 35 செ.மீ. நீளம். வார்னிஷைச் சுரண்டி, தளர்வாகப் பிடித்தாலே நிற்கும் அளவுக்கு மெலிதாக்குங்கள். தடித்த காம்பை இறுக்கிப் பிடித்தே அடிப்பதால்தான் பலருக்கு முழங்கை வலி வருகிறது. தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஊறிய மரம் காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆப்பை இன்னும் உள்ளே இறக்கி, ஆளிவிதை எண்ணெயில் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள்.