திடீரெனக் காது கேளாமல் போனால்: ஸ்டீரொய்ட் குளிசையா, செவிப்பறை ஊசியா?

காலையில் ஒரு காது மந்தமாகி, கூடவே இரைச்சலும் கேட்டால் திருமலையில் பலரும் முதலில் போவது பாமசிக்குத்தான், சொட்டு மருந்து வாங்க. அதை இந்தப் போட்டியில் சேர்க்கவே தேவையில்லை. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் சொட்டு மருந்து வெளிக்காதோடு நின்றுவிடும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள்: மந்தமான காதில் சத்தம் கூடக் கேட்டால் குறும்பியோ சளியோ இருக்கலாம், நல்ல காதுப் பக்கம் கேட்டால் பழுது உட்செவியில், உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஸ்டீரொய்ட் குளிசை என்பது பிரெட்னிசலோன்: உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு 60ஐத் தாண்டாமல், இரண்டு கிழமை வரை. பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். உட்செவியின் இரத்த நுண்குழாய்களில் கலங்கள் மூளையில் போலவே நெருக்கமாக ஒட்டியிருப்பதால் மருந்தில் சொற்பமே உள்ளே போகும். மிச்சம் உடம்பெல்லாம் சுற்றிச் சீனியை ஏற்றும், நித்திரையைக் கெடுக்கும்.

ஊசி அந்த வேலியைச் சுற்றிப் போகிறது. செவிப்பறையை மரக்கச் செய்து, மெல்லிய நீள ஊசியால் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் அரை மில்லிலீற்றர் அளவு நடுச்செவிக்குள். மருந்து உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிராகப் போனால் தலை சுற்றி வாந்தி வரும். பிறகு அந்தக் காது மேலே இருக்க 20–30 நிமிடம் படுக்கை. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குப் போகும் குழாய் திறந்து மருந்து வடிந்துவிடும், பேச்சும் கூடாது. இனி நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள வட்டப் பலகணிச் சவ்வு: மூன்று படை, தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். அதன் குழியைச் சிலருக்குச் சளிச்சவ்வு மடிப்பு மூடியிருக்கும், சிலவேளை காற்றுக்குமிழும் மறிக்கும். தாண்டினாலும் உள்ளே திரவம் அநேகமாக ஓடுவதில்லை. மருந்து நத்தைச் சுருள் போன்ற உட்செவியின் அடியிலிருந்து ஊறித்தான் ஏற வேண்டும். அடிப்பகுதி கீச்சுச் சத்தத்துக்கு, நுனி தடித்த சத்தத்துக்கு. நுனிக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம்.

2011இல் வெளியான 250 பேர் ஆய்வில் குளிசைக்கு ஊசி சளைக்கவில்லை. எனவே சீனி வருத்தமில்லாதவருக்குக் குளிசையே லேசு. சீனி கட்டுப்படாதவருக்கு ஊசி. குளிசை கைகொடுக்காவிட்டாலும் அடுத்தது ஊசிதான், ஆனால் கிழமைகளைக் கடத்தக்கூடாது.

சங்கு, கடலட்டை எடுக்கச் சுழியோடுபவர்கள் ஊசித்துளை மூடியதென்று வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை இறங்கக்கூடாது. சுழியோடி ஏறியதுமே கேள்வி குறைந்தால் அது வேறு கணக்கு: அழுத்தக் காயமா, குருதியில் வாயுக்குமிழா என்று முதலில் பார்க்க வேண்டும்.