ஆறு வருடம், ஒரு ஹெரால்டு, இரண்டு கதவுக் கைப்பிடிகள்

என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார் வந்து ஆறு வருடம் ஆகிறது. 1970 மாடல், நான்கு கதவு. முதல் இரண்டரை வருடம் அது காராகவே இல்லை. துண்டு துண்டாகப் பிரிந்து போர்ட்டிகோவிலும் மாடிப்படி அடியிலும் கிடந்தது. அதன் பிறகு சுமார் 11,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பழைய கார் ஆசை உள்ளவர்கள் யார் வந்தாலும் முதலில் கேட்பது, "என்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்குதா?" என்றுதான். கிடைக்கிறது. என்ஜினால் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம்கூடக் கெடவில்லை. தூக்கத்தைக் கெடுத்தது பின்கதவுக் கைப்பிடி.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஹெரால்டு இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த கார். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. 1961இல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அதைக் கட்டத் தொடங்கியது. அதற்குள் இருக்கும் 948 சிசி என்ஜின் ஒரு பெரிய குடும்பத்துப் பிள்ளை. 803 சிசி ஸ்டாண்டர்டு எய்ட்டில் ஆரம்பித்த அதே வம்சம்தான் பின்னாளில் 1,493 சிசி வரை வளர்ந்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் போய் உட்கார்ந்தது. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருப்பதால், அந்தக் குடும்பத்துக்கான பேரிங், கேஸ்கெட், முன்சக்கரச் சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காசும் சுங்கவரியும் கட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டுமே பிறந்தது. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுதான். ஆக, பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் என்ற கதவோர ரப்பர், கைப்பிடி எல்லாம் உலகத்தில் வேறு எந்தக் காருக்கும் சொந்தமில்லாத அநாதைகள்.

எனக்கு இந்தக் கார்மேல் பிடிப்பு வந்ததற்கு அப்பாதான் காரணம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலோரம் எழுந்து நின்று பார்ப்பாராம். வாங்கியதென்னவோ சைக்கிள்தான். அந்தக் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்து, சில வருடங்களிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐடி கட்டிடங்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். திருச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் பதினைந்து வருடம் நின்ற கார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும். வீட்டில் கொண்டுவந்து காந்தத்தை வைத்துப் பார்த்தால் பாதி இடத்தில் ஒட்டவில்லை. தகரம் போன இடத்தில் எல்லாம் விரல் கனத்துக்குப் பட்டி. வாங்கப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை அழைத்துப் போவதைவிட அது உபயோகம்.

இந்தக் காரின் உடம்பு மற்ற கார்கள் மாதிரி ஒரே கூடாகப் பற்றவைத்தது அல்ல. டிரையம்புக்கு முழு பாடி செய்துகொடுத்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், உடம்பைத் துண்டுகளாகச் செய்து, சேஸிஸ் என்ற தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். கழற்றிச் சீர்செய்கிறவனுக்கு இது வரம். நானும் டிங்கர் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முன்பாதியை முழுக்கக் கழற்றிவிட்டோம். ஆனால் திரும்ப மாட்டும்போது தெரியும் சேதி. துண்டுக்குத் துண்டு இடைவெளி சரியாக வர வேண்டும். சேஸிஸ் ஒரு பக்கம் அரை இஞ்ச் தொங்கியிருந்தாலும் கதவு மூடாது. எங்கள் வண்டியில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் இரண்டு, மண் தங்கித் தங்கி இற்றுப்போயிருந்தன. அவற்றை வெட்டிப் புதிதாகச் செய்து பற்றவைத்த பிறகும் இடது முன்கதவை மட்டும் ஏழு தடவை கழற்றி மாட்டினோம். டிங்கர் அண்ணன் ஏழாவது தடவை ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போனவர் மறுநாள்தான் வந்தார்.

அப்புறம் முன்சக்கரம். ஹெரால்டு வாங்க நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, அடியில் டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரையாகத் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். அதற்குக் கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 எண்ணெய்தான் போட வேண்டும், கிரீஸ் கூடாது. ஆனால் அங்கே கிரீஸ் நிப்பிளைப் பார்த்ததும் நம் கை தானாகக் கிரீஸ் கன்னை எடுக்கும். கிரீஸ் உள்ளே இறுகி, மரைவரை போகாமல், தண்ணீர் தங்கித் தண்டு அரிக்கும். என் வண்டிக்கு எத்தனை வருடம் யார் யார் கிரீஸ் அடித்தார்களோ! ஓட ஆரம்பித்த மூன்றாம் வாரம், வாசலில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வலது முன்சக்கரம் மடங்கி, வண்டி மண்டியிட்டு உட்கார்ந்தது. ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தத் தண்டையும் டிரன்னியனையும் தேடித்தான் முதன்முதலாகப் புதுப்பேட்டைக்குப் போனேன். கூவம் கரையை ஒட்டிய அந்தச் சந்துகளில் காரின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்பார்கள். அது மாருதிக்கு உண்மை. ஹெரால்டு என்றதும் நான்கு கடையில் சிரித்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பாய், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், சிரிக்காமல் பரணில் ஏறச் சொன்னார். துருப்பிடித்த பிஸ்கட் டின்னுக்குள், செய்தித்தாளில் சுற்றிய புத்தம்புது டிரன்னியன் ஒன்று! எனக்குக் கை நடுங்கியது. "இது எந்தப் பக்கத்துக்கு, பாய்?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார். ஒன்றில்லை. ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. நான் வாங்கிவந்தது இடது பக்கத்துக்கானது, உடைந்தது வலது. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் தண்டோடு சேர்த்து இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். பாய் கொடுத்ததை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தனியாக வைத்திருக்கும் கன்னில் 90 எண்ணெய் நிரப்பி, எண்ணெய் வெளியே வழியும்வரை நானே அடிக்கிறேன். சர்வீஸுக்கு எங்கே விட்டாலும் அந்த இரண்டு நிப்பிளிலும் சிவப்பு டேப் சுற்றித்தான் விடுவேன்.

இனி கைப்பிடி. பின்கதவு வெளிக்கைப்பிடி இரண்டில் ஒன்று உடைந்திருந்தது, இன்னொன்று காணவே இல்லை. பழையது மசாக் எனப்படும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அது உள்ளுக்குள் அரித்துப் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டால் மறுபடி குரோம் பூசினாலும் நிற்காது. புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஒரு கல்யாணத்துக்குப் போன சாக்கில் பெங்களூர் சிவாஜிநகர் பழைய சாமான் சந்தை எல்லாம் அலைந்தேன். ஒன்றரை வருடம் போயிற்று. கயிறு கட்டித்தான் கதவைத் திறந்தோம். என் மகள் அதற்கு 'மாட்டு வண்டி' என்று பெயர் வைத்தாள்.

காரைக்குடியில் மார்க் 3 வைத்திருக்கும் ஒருவர் தன் வண்டியின் கைப்பிடியை ஒரு மாதத்துக்குக் கடனாகத் தந்தார். அதை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு வார்க்கிற ஊர். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளை ஊற்றுவதில் அவர்களுக்குத் தலைமுறைக் கைப்பழக்கம். விளக்குப் பட்டறைக்காரர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அன்னம் வைக்கணுமா?" என்று கேட்டார். கிண்டல்தான்.

முதல் வார்ப்பு கண்ணுக்கு அச்சு அசலாக வந்தது. கதவில் வைத்தால் திருகாணித் துளை பொருந்தவில்லை. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். அசலையே அச்சுக்கு வைத்தால் நகல் அசலைவிடச் சின்னதாகத்தான் வரும். பன்னிரண்டு சென்டிமீட்டர் கைப்பிடியில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் போய்விடுகிறது. பட்டறைக்காரருக்கு இது தெரியும், ஆனால் விளக்கில் இரண்டு மில்லிமீட்டர் யாருக்கும் உறுத்தாது என்பதால் அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் தடவை கைப்பிடிமேல் மெல்லிய மெழுகுத் தோல் பூசி, இரு நுனியிலும் கூடுதலாக ஏற்றி, துளை போடாமலே வார்த்துத் தந்தார். துளையை இங்கே லேத் பட்டறையில் அளந்து போட்டோம். அப்புறம் குரோம். இரண்டு கைப்பிடிக்கும் ஆன மொத்தச் செலவில் முன்சக்கரச் சாமான்கள் எல்லாவற்றையும் இன்னொரு முறை வாங்கியிருக்கலாம். அசலைவிடக் கனமாக இருக்கின்றன. கையில் பிடிக்கும்போது எனக்கு அசலைவிடப் பிடித்திருக்கின்றன.

கதவு பீடிங் கதை வேறு மாதிரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் பட்டறை ஒன்று, மாதிரித் துண்டு கொடுத்தால் அதே குறுக்குவெட்டில் இழுத்துத் தருவதாகச் சொன்னது. ஆனால் குறைந்தது நூறு மீட்டர் எடுக்க வேண்டும். என் வண்டிக்கு இருபது மீட்டர் போதும். காரைக்குடிக்காரரையும் இன்னும் இருவரையும் சேர்த்துக்கொண்டு பங்கு போட்டோம். அப்படியும் ஒரு சுருள் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

என்ஜின் வேலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் வழக்கமானவை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று, 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டது. அந்த ஈயத்தின் காவல் இல்லாமல், பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் தேய்ந்துகொண்டே போகும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். இரண்டு, கிராங்க் என்ற சுழல்தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் அரைவட்ட வாஷர்கள். யாரையாவது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி முன்பக்கப் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது நகர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். வாஷர் தேய்ந்து கழன்று விழுந்தால் பிளாக்கே போய்விடும்.

ஓட்டுவதற்கு எப்படி? முன்பாதி மொத்தமும் பானெட்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வால்வு இடைவெளி பார்க்கலாம். இந்தச் சுகம் வேறு எந்தக் காரிலும் எனக்கு வாய்த்ததில்லை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெரு முட்டுச்சந்தில் ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள். மணிக்கு 60, 65 கிலோமீட்டர் வரை நிம்மதி, அதற்குமேல் சத்தம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. பின்சக்கரங்கள் ஊஞ்சல் அச்சில் தனித்தனியாக ஆடுவதால் வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்கக் கூடாது. வேகத்தை முன்பே குறைத்துவிட வேண்டும். முதல் கியரை வண்டி நின்ற பிறகே போட முடியும். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் போதிய மின்சாரம் தராத டைனமோ என்பதால் ராத்திரி சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் அகல்விளக்காகிவிடும். டயருக்கு அலையவில்லை, பழைய வேகன்ஆருக்குப் போடும் 145/80 ஆர்13 சரியாக உட்கார்ந்தது.

புதுத் தொல்லை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு எட்டு மாதத்தில் அப்பளமாக ஊறியது. கார்பரேட்டரின் முன்னால் ஒரு ரப்பர் குழாய் வியர்க்க ஆரம்பித்திருந்ததை வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது எல்லாக் குழாயும் எத்தனால் தாங்கும் ரகம், வண்டிக்குள் ஒரு தீயணைப்பான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காகித விஷயம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு வந்தது. எண்ணில் 'விஏ' எழுத்து சேரும். நான் அதற்குப் போகவில்லை. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்குச் சனிக்கிழமை காய்கறி வாங்க வண்டி வேண்டும். அதனால் பழைய பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

இன்றைய தேதியில் பாக்கி ஒன்றுதான். வலது பின்பக்கச் சிவப்பு விளக்கின் மூடி. போன தீபாவளிக்கு மறுநாள் பால்காரர் சைக்கிள் சாய்ந்து உடைந்தது. அரால்டைட் போட்டு ஒட்டி ஓட்டுகிறேன். பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பரணில் இன்னும் பார்க்காத இரண்டு டின் இருக்கிறதாம். போன வாரம் போன் செய்தார்: "தம்பி, கிடைச்சிருக்கு. ஆனா இடதா வலதான்னு தெரியல, நேர்ல வந்து பாரு."