பாதியில் நிற்கும் என் வாக்கியங்கள்

ஐஆர்சி என்ற பழைய எழுத்து அரட்டை முறைக்கு ஆறு ஆண்டுகளாக ஒரே செயலிதான் வைத்திருக்கிறேன். டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில் ஓடுவது, பைத்தான் மொழியில் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் எழுத இடம் தருவது. "இதை நிறுவலாமா?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய இரவுதான் ஒரே ஸ்கிரிப்டை நான்காவது முறையாகத் திருத்திவிட்டுப் படுத்திருந்தேன்.

நீளமாகத் தமிழில் எழுதினால் மற்றவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும். என் திரையில் முழு வாக்கியமும் பத்திரமாக இருக்கும். வெட்டு விழுவது சர்வரில். அதனால் வெகுகாலம் எனக்கே தெரியாது. பதில் வராதபோதெல்லாம் சேனலில், அதாவது அரட்டை அறையில், இருப்பவர்களுக்கு என்மேல் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன். "நீங்கள் ஏன் பேச்சின் நடுவிலேயே எழுந்து போய்விடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்ட பிறகே உறைத்தது.

ஐஆர்சியின் விதிகளைச் சொல்லும், 1993-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணம், ஒரு செய்திக்கு 512 பைட் என்று எல்லை போட்டது. வரி முடிவுக் குறிகளுக்கான இரண்டு பைட்டும் அதில் அடக்கம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்றால் மூன்று, 'கொ' என்றால் ஆறு, 'ஸ்ரீ' என்று எழுதினால் பன்னிரண்டு! செயலியாவது நீள வரியைப் பிரித்து அனுப்பியிருக்கலாம். நான் வைத்திருக்கும் பதிப்பு அதைச் செய்யவில்லை.

சரி, நானே எழுதுகிறேன் என்று இறங்கினேன். முதல் ஸ்கிரிப்ட் பைட்டை எண்ணி வெட்டியது. வெட்டு ஓர் எழுத்தின் வயிற்றில் விழுந்து, கேள்விக்குறிப் பெட்டிதான் மிஞ்சியது. அடுத்து, எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனியாகக் கொள்ளும் யூனிகோடு குறிகளாக எண்ணினேன். இப்போது 'க' ஒரு வரியில் நிற்க, அதன் 'ொ' அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக வந்து நின்றது. துணைக்குறி எதுவானாலும் முன்னெழுத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று எழுதிய பிறகுதான் தமிழ் தமிழாகப் போனது.

அப்போதும் சில நாட்களில் மட்டும் கடைசிச் சொல் காணாமல் போகும். இந்த 'சில நாட்கள்' என்பதுதான் என்னை வாட்டியது. இன்னொரு ஜன்னலில் வேறு பெயரில் நுழைந்து, எனக்கு நானே பேசிப் பார்த்தேன். செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பும்போது சர்வர் என் பெயரையும் முகவரியையும் முன்னால் ஒட்டுகிறது, அதுவும் 512-க்குள்தான். கடவுச்சொல் கொடுத்து நுழைந்த நாட்களில் நெட்வொர்க் என் முகவரியை மறைத்து, அதைவிட நீளமான ஒன்றைக் கொடுத்துவிடும். ஸ்கிரிப்டோ பழைய நீளத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்தது வெளியேற்றம். பிரிந்த வரிகள் ஒரே மூச்சில் பாய்ந்தால் சர்வர் இணைப்பையே துண்டித்துவிடும். இடையில் இரண்டு நொடி காத்திருக்கச் சொன்னேன். மொத்தச் செயலியும் இரண்டு நொடி உறைந்தது. ஸ்கிரிப்ட் தூங்கினால் செயலியும் சேர்ந்து தூங்கும் என்பது அன்று விளங்கியது. செயலியை நிறுத்தாமல், நேரம் வந்ததும் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் டைமருக்கு மாற்றினேன்.

நியாயமாகச் சொன்னால், இத்தனையையும் இணைப்பு ஒருமுறைகூட அறாமல் செய்ய விட்டது இதே செயலிதான் (சர்வர் துரத்தியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை). ஸ்கிரிப்டைத் திருத்தி, மறுபடி ஏற்றினால் போதும். அரட்டை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். போகும் வரி, வரும் வரி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி காட்டும் ஜன்னல் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் இன்றும் நண்பர்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன். வேறு செயலிக்கு மாறும் எண்ணமும் எனக்கு இல்லை.

நண்பருக்கோ, நிறுவவே வேண்டாம் என்று காரணங்களோடு விரிவாக எழுதினேன். இரண்டிரண்டு நொடி இடைவெளியில் மூன்று வரிகளாக, ஒற்றைப் புள்ளிகூடக் குறையாமல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.