கொட்டை எழுத்தில் 10,000, பொடி எழுத்தில் 6,000: ஒரு பவர் பேங்க் மதிப்புரை

பத்து மாதங்களாக நான் பயன்படுத்திவரும் பவர் பேங்கின் பெட்டியில் ‘10,000 எம்.ஏ.எச்.’ (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரி கொள்ளும் மின்னூட்டத்தின் அளவு) என்று கட்டைவிரல் அகலத்துக்கு அச்சிட்டிருக்கிறார்கள். கருவியின் அடிப்பக்கத்திலோ, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ‘37 வாட் மணி, 5 வோல்ட்டில் 6,000 எம்.ஏ.எச்.’ என்று இன்னொரு வரி உள்ளது. வாங்குபவருக்கு உதவுவது இந்த வரிதான்.

5,000 எம்.ஏ.எச். பேட்டரி கொண்ட என் செல்பேசியை இது இரண்டு முறை நிரப்பும் என்று நம்பி வாங்கினேன். முதல்முறை முழுதாக நிரம்பியது. இரண்டாம் முறை 40 சதவீதத்தைத் தாண்டியதும் பவர் பேங்க் ஓய்ந்துவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்றே தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றம் கருவியின் மேல் இல்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லப்படும் கொள்ளளவு. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதே, உள்ளே அடங்கிய மொத்த ஆற்றலைச் சொல்லும் அந்த 37 வாட் மணி. யு.எஸ்.பி. வழியாக வெளியேறும் மின்சாரம் 5 வோல்ட்டுக்கு உயர்த்தப்படுவதால், இழப்பே இல்லாவிட்டாலும் 7,400 எம்.ஏ.எச்.தான் கிடைக்கும், அதிலும் ஒரு பங்கு உயர்த்தும் சுற்றிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. செல்பேசி தன் பேட்டரிக்கு ஏற்ப மின்னழுத்தத்தை (வோல்ட்டை) மறுபடியும் குறைத்துக்கொள்ளும்போது இன்னொரு பங்கு போகிறது.

கேபிளுக்கு நடுவே ஒரு சிறிய யு.எஸ்.பி. மீட்டரைச் செருகி அளந்ததில், 5 வோல்ட்டில் 6,200 வரை வந்தது. அடியில் எழுதியதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். வேகமாகச் சார்ஜ் செய்யும் 9 வோல்ட் முறையில் அதே மீட்டர் 3,300 என்று காட்டியது. பதற வேண்டியதில்லை: வோல்ட் ஏறினால் எம்.ஏ.எச். இறங்கும், வாட் மணி ஏறத்தாழ அப்படியே இருக்கும். எந்த இரு கருவிகளை ஒப்பிடுவதானாலும் வாட் மணியை வைத்தே ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

என் மனக்குறை, மீதமுள்ள சார்ஜைக் காட்டும் நான்கு விளக்குகளைப் பற்றியது. விளக்குக்கு 25 சதவீதம் என்று கையேடு சொல்கிறது. ஆனால் முதல் விளக்கு நெடுநேரம் அணையாமல் நிற்க, கடைசி இரண்டும் அடுத்தடுத்து அணைந்துவிடுகின்றன. லித்தியம் செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் மிக மெதுவாகவே குறையும் என்பதால், அழுத்தத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகிக்கும் சுற்று இப்படித்தான் தடுமாறும். எண்ணில் காட்டும் சிறு திரையை வைத்திருக்கலாம்.

அண்மையில் மறுபடி அளந்தபோது 5,900 வந்தது. பத்து மாதத்துக்கு இந்தத் தேய்மானம் இயல்பானதே. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இதை விட்டுவைப்பதில்லை. பயன்படுத்தாத வாரங்களில் பாதி சார்ஜில் வைக்கிறேன். முற்றிலும் தீர்த்துவிட்டு நிரப்பும் பழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. லித்தியத்துக்கு அதனால் கேடுதான்.

காதொலிக் கருவியின் சிறு பெட்டியைச் செருகினால், இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால், எதுவுமே செருகவில்லை என்று எண்ணி இது சில நிமிடங்களில் அணைந்துவிடும். பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அணையாமல் நிற்கும். இந்தத் தகவலும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதே பொடி எழுத்தில்தான் இருக்கிறது.