உதய்ப்பூரா, செஞ்சி–தஞ்சாவூரா? சென்னையிலிருந்து நான்கு நாள் கணக்கு

அரண்மனை, கோட்டை, கோயில், ஏரி நாலும் ஒரே பயணத்தில் பார்க்கணும், நாலு நாள்தான் லீவு. வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது இதைக் கேட்பார்கள். பேச்சு பெரும்பாலும் உதய்ப்பூரில்தான் போய் முடியும். அப்பா அம்மாவோடு அங்கேயும் போயிருக்கிறேன். செஞ்சி, வீராணம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் என்று நம் பக்கமும் போயிருக்கிறேன். முதல் பயணம் நம் பக்கம்தான் என்று அடித்துச் சொல்வேன், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அது அரண்மனை. இதில் உதய்ப்பூருக்குப் போட்டியே இல்லை. 16-ம் நூற்றாண்டில் உதய் சிங் தொடங்கியதை வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகப் பிச்சோலா ஏரிக்கரை நெடுக நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மயில் முற்றத்துச் சுவரில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த மயில்களின் முன்னால் அம்மா நின்றது நின்றபடி நின்றுவிட்டார். தஞ்சை அரண்மனை நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் வளர்த்தது. இன்று பல பகுதிகளில் களையிழந்து கிடக்கிறது. இருந்தாலும் உள்ளே இருக்கும் கலைக்கூடத்துக்காகவே போகலாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) செப்புத் திருமேனி, 1011-ல் செய்தது. பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், காளையின் உயரம்கூடத் தெரிந்துவிடும்.

கோட்டைக்கு வருவோம். உதய்ப்பூரிலிருந்து சித்தோர்கர் சுமார் 115 கிலோமீட்டர். ஏழு வாசல்களையும் தாண்டிக் கார் மேலேயே போய்விடும் என்பதால் வயதானவர்களுக்கு வசதி. கும்பல்கர் போனால் 36 கிலோமீட்டர் மதில். செஞ்சியில் அந்தச் சலுகை கிடையாது. கோட்டையின் முக்கியக் குன்றான ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி, முழுக்கப் படிதான். முட்டிவலிக்கார அப்பா கல்யாண மகாலோடு நிறுத்திக்கொண்டார். அங்கேயே குளம், களஞ்சியம், குதிரை லாயம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நான் மட்டும் ஏறினேன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரிக்கு மேலே வர வழியே இல்லை. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டுதான் முகலாயப் படையை வருடக்கணக்கில் காக்க வைத்தார். 1698-ல்தான் அவர்களால் பிடிக்க முடிந்தது. ஏன் அத்தனை வருடம் என்பது அந்தப் பிளவின் ஓரத்தில் நிற்கும்போது காலுக்கே புரிகிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

கோயிலில் பெரிதாக வாதம் வேண்டாம். உதய்ப்பூர் பக்கம் இருக்கும் ரணக்பூர் சமணக் கோயிலின் 1,444 பளிங்குத் தூண்கள் அற்புதம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் ஒரே பயணத்தில் கிடைக்கும்போது என் மனசு இந்தப் பக்கம்தான் சாயும். நேரம் மட்டும் கவனம்: ரணக்பூரில் சுற்றுலாப் பயணிகளை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள், நம் கோயில்களில் மதியம் சன்னதி சாத்திவிடுவார்கள்.

ஏரிதான் எனக்கு முக்கியம். பிச்சோலாவில் சாயங்காலப் படகு அழகு, மறுக்கவே மாட்டேன். ஆனால் ஏரி நடுவில் இருக்கும் ஜக் நிவாஸ் அரண்மனை இப்போது நட்சத்திர ஓட்டல். அதையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி ஒரு ஏற்பாட்டாளர் எங்களிடம் பணம் வாங்கினார். கடைசியில் படகில் இருந்தபடி பார்த்ததோடு சரி. வீராணத்தில் படகும் இல்லை, பளிங்கும் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்த ஏரி. தக்கோலப் போரில் யானை மேலேயே உயிர்விட்ட அதே இராசாதித்தன். 2004 முதல் இந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னைக்கு வருகிறது. கரையில் நின்று இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார்.

சித்தோர்கரில் ராணா கும்பா 15-ம் நூற்றாண்டில் எழுப்பிய விஜய ஸ்தம்பம் ஒன்பது நிலை, கல். கங்கை வரை படை நடத்திய ராஜேந்திர சோழனும் வெற்றித்தூண் நாட்டினான், தண்ணீரால். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் அவன் வெட்டிய சோழகங்கம் ஏரியை ‘நீர்மயமான வெற்றித்தூண்’ என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்று அது பொன்னேரி. பெரும்பகுதி தூர்ந்து கிடக்கிறது. கரை மட்டும் இருக்கிறது. அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

உதய்ப்பூருக்குப் பெரும்பாலும் மும்பையிலோ டெல்லியிலோ விமானம் மாறணும். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். ஆறு நாள் லீவும் அதற்கேற்ற பணமும் இருந்தால் தாராளமாகப் போங்கள். நாலு நாள்தான் என்றால், ஜனவரியில், ஏரி நிறைந்திருக்கும்போது, விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுங்கள். திண்டிவனத்தில் இட்லி, வெயில் ஏறும் முன் செஞ்சி அடிவாரம். பாறை சுட ஆரம்பிப்பதற்குள் இறங்கிவிடணும்.